நாலாம் செட்டின் முதல் எண்

சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பனிக்காற்று ஒத்துக்கொள்ளாது. ராசிபுரத்து அக்மலுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாமல் போய் மூன்று வருடமாகிறது. மார்கழிக் குளிரிலும் வீட்டில் மின்விசிறி ஓடியாக வேண்டும். நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். மனைவி நிகத் ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு இன்னொரு கம்பளி வாங்கிக்கொண்டாள். "உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுங்க, சொல்லவும் மாட்டேங்கறீங்க" என்று மட்டும் அவ்வப்போது சொல்வாள். பள்ளிவாசலில் எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அவருக்கு முதுகு வேர்த்துவிடும். தொழுகையில்கூட மனம் நிற்கவில்லையே என்று வெட்கப்படுவார்.

கோழிப் பண்ணை தெரியாதவர்களுக்கு இது விளங்காது. முப்பதாயிரம் முட்டைக்கோழிகள் அடைந்த செட் எனும் கொட்டகை ஒருநாளும் ஓய்வதில்லை. கொக்கரிப்பும், தீவனத்தைக் கொத்தும் ஓசையும், ஆளுயர விசிறிகளின் இரைச்சலுமாக, வாசலில் நிற்பவர்கள்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிப்பட்ட செட் ஒன்று பட்டப்பகலில் சத்தமே இல்லாமல் நின்றதை அக்மல் பார்த்திருக்கிறார். உள்ளே போயும் பார்த்திருக்கிறார். அதிலிருந்து எங்கே சத்தம் அடங்கினாலும் அவர் அந்தச் செட்டுக்குள் போய்விடுகிறார்.

அக்மலின் அத்தா சேலம் கோட்டையில் பூட்டு, சாவி விற்றவர். மகன் பாலிடெக்னிக் படித்து, நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் தட்டி, பிறகு அர்த்தநாரி என்பவரின் கோழிப் பண்ணை நிறுவனத்தில் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. மல்லசமுத்திரம் பக்கம் ஆறு செட், நாமக்கல்லில் தீவன ஆலை, ஆபீஸ். அந்த ஆபீஸின் பின்னறையில்தான் சர்வர் இருக்கிறது. முட்டைக் கணக்கு, தீவனக் கலவை, செட்டுகளின் வெப்பநிலை எல்லாம் அதற்குள் அடக்கம். அறைச் சாவி அக்மலின் பைக் சாவியோடு தொங்கும். உள்ளே எப்போதும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். மனிதர் பாட்டுப் பிரியர் என்று ஆபீஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆடி மாதம் முதலாளியின் மகள் தேவிப்ரியா கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து நிர்வாகத்தில் உட்கார்ந்தாள். வந்த வாரமே பின்னறையை எட்டிப் பார்த்து, "அக்மல் அண்ணா, இது என் காலேஜ் காலத்து மெஷினாச்சே!" என்றாள். மறு வாரம் ஆலோசனை சொல்ல இளஞ்செழியன் என்பவரை வரவழைத்தாள். கையில் லேப்டாப், வாயில் நிதானம். வழி மூன்று இருக்கிறது என்றார் அவர். பெரிய கம்பெனிகள் எங்கோ அடுக்கி வைத்திருக்கும் மெஷின்களில் ஊரோடு சேர்ந்து வாடகைக்கு இடம் பிடிப்பது பப்ளிக் கிளவுட். அதே மாதிரி வசதி, ஆனால் நம் நிறுவனத்துக்கென்று மட்டும் ஒதுக்கிய மெஷின்கள் என்றால் பிரைவேட் கிளவுட். இரண்டும் வேண்டாமென்றால் பழையபடி பின்னறையிலேயே புது சர்வர்.

அர்த்தநாரி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "ஏனுங்க, அப்ப ஒன்னு ஊருக்கே வர்ற காவேரித் தண்ணி. ஒன்னு நமக்குன்னு தனியா இழுத்த பைப்பு. ஒன்னு நம்ம காட்டுக் கெணறு. அப்படித்தானுங்க?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"எங்காட்டுக் கெணத்துல தண்ணி கெடக்கையில நான் எதுக்குங்க பைப்பப் பாத்துட்டு நிக்கோணும்?"

"கெணத்துல பாசி புடிச்சுக் கெடக்குதுப்பா" என்றாள் மகள்.

அப்பாவும் மகளும் அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள். தீவனக் கலவை வெளியே போய்விடுமே என்பது அவர் பயம். இருபது வருடம் நட்டப்பட்டுத் தேற்றிய கலவை அது. ரோடு அகலப்படுத்த வந்த மண்வாரி இந்த வருடத்தில் மட்டும் இரண்டு முறை இன்டர்நெட் கேபிளை அறுத்திருக்கிறது, அப்போது என்ன செய்வது என்றும் கேட்டார். நியாயமான கேள்விகள்தான். கடைசியில் இருவரும் அக்மலைப் பார்த்தார்கள். "பாய் சொல்லட்டும். பொட்டியோட குடும்பம் நடத்தறவரு அவருதான்" என்றார் அர்த்தநாரி. இளஞ்செழியன் ஆறு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். பத்து நாளில் அதை நிரப்பி, எந்த வழி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'கடந்த ஐந்து ஆண்டுகளில் எச்சரிக்கை அமைப்பு எத்தனை முறை நின்றது? எவ்வளவு நேரம்?'

எச்சரிக்கை அமைப்பு என்பது இதுதான். செட்டுகள் நான்கு பக்கமும் மூடியவை. விசிறி நின்றால் உள்ளே வெப்பம் ஏறி, கோழிகள் முக்கால் மணி நேரத்தில் மூச்சடைத்துவிடும். அதனால் வெப்பம் ஏறியதுமே செட்டிலிருந்து சர்வருக்குத் தகவல் வரும். சர்வர் சூப்பர்வைசரின் செல்போனுக்கு அடிக்கும். பதிவு செய்த குரல் எந்தச் செட் என்று சொல்லும். அவர் ஒன்றாம் எண்ணை அழுத்தினால் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போகும்.

அக்மல் அந்தக் கேள்விக்கு நேராக 'இல்லை' என்று எழுதினார். பேனா சரளமாகத்தான் ஓடியது. பின்னறையிலேயே புது சர்வர் வைப்பது உத்தமம் என்று கீழே மூன்று பத்தி எழுதினார். கேபிள் அறுவது, கலவை ரகசியம் என்று காரணங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. அவருடைய காரணம் மட்டும் அதில் இல்லை. சர்வர் வெளியே போவதென்றால் பழைய பதிவுகளை இளஞ்செழியனின் ஆட்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். அதில் ஒரு நாளின் பதிவை யாரும் பார்க்கக் கூடாது.

அந்த நாள் ஆயுத பூஜை.

அர்த்தநாரியின் நிறுவனத்தில் பூஜைக்கு எல்லா மெஷினும் ஓய வேண்டும். தீவன ஆலை, லாரி, தராசு என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். சர்வரும் தப்பாது. அதையும் அணைத்து, ஒரு முழம் பூ சாத்தி, மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகே திறப்பார்கள். கோழிக்குப் பண்டிகை ஏது? அதனால் அன்று மட்டும் எச்சரிக்கை வேலையை ஒரு லேப்டாப்பில் ஓடவிட்டு மூலையில் வைப்பது அக்மலின் வழக்கம். அது அவரே கண்டுபிடித்த ஏற்பாடு, அவருக்கு மட்டுமே தெரிந்த ஏற்பாடு.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தப் பூஜையில் முதலாளியின் மனைவி பழனியம்மாள் தட்டோடு வந்தவர், மூலையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்துவிட்டார். "ஏஞ் சாமி, அது மட்டும் தனியாக் கெடக்குது? அதையும் எடுத்து வையுங்க" என்றார். பெற்ற பிள்ளையிடம் பேசுவது போலத்தான் அவர் எல்லோரிடமும் பேசுவார். இது ஓடிக்கொண்டிருக்க வேண்டுமம்மா என்று அக்மல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரியென்று போயிருப்பார். ஆனால் அந்த ஆபீஸில் தொப்பி போட்டுத் தொழுகிறவர் அக்மல் ஒருவர்தான். யாரும் அவரை வேற்றாளாக நடத்தியதில்லை. அதனாலேயே, பூஜையன்று தன் முகத்தில் ஒரு சின்னச் சுணக்கம்கூடத் தெரியக் கூடாதென்று அவருக்கு ஒரு கூடுதல் ஜாக்கிரதை. "சரிங்கம்மா" என்றார். மூடியை மூடினார். சர்வர் பக்கத்தில் வைத்தார். கற்பூரம் அணைந்ததும் எடுத்துத் திறந்துவிடலாம், பத்து நிமிடம்தானே என்று நினைத்தார். பிறகு சுண்டல் வந்தது, பொரி வந்தது, இலை போட்டுச் சாப்பாடு வந்தது. அவர் மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஒன்றேகாலுக்கு நாலாம் செட்டில் கரண்ட் போனது. தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டர் ஓடவில்லை. சூப்பர்வைசர் சின்னுசாமி பக்கத்து ஊர்க் கோயில் பூஜைக்குப் போயிருந்தார். ஏதாவது என்றால் போன் அடிக்கும் என்ற தைரியத்தில், முதலாளியிடம் சொல்லிவிட்டே போனார். இரண்டரைக்குத் திரும்பி வந்து, செட்டின் பக்கவாட்டுத் திரைகளைக் கையால் கிழித்து, குழாயைப் பிடுங்கி உள்ளே தண்ணீர் அடித்தார். அதில் சட்டைப்பையில் இருந்த செல்போன் நனைந்து செத்தது.

தகவல் கேட்டு அக்மல் போனபோது, சின்னுசாமி உடம்பெல்லாம் இறகு ஒட்ட, ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். அர்த்தநாரி அக்மலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாய், சின்னுசாமிக்குப் போன் போச்சுங்களா?"

"போயிருக்கும்ங்க" என்றார் அக்மல்.

தரையில் இருந்தவர் நிமிரவில்லை. "மேளச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலீங்க" என்றார்.

அதோடு முடிந்தது. செய்யாத தப்பை ஒருவர் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், செய்தவர் வாயை மூடிக்கொண்டார். சின்னுசாமியை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். முப்பதாயிரம் கோழியைக் கொன்றவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஒவ்வொரு பண்ணைக்கும் போய் நின்றது. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வரை ஒருவரும் அவருக்கு வேலை தரவில்லை. அக்மல் அடுத்த நாள் சர்வரைத் திறந்தார், குங்குமத்தைத் துடைத்தார், ரேடியோ ஒன்று வாங்கி வைத்தார்.

படிவம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது தேவிப்ரியா, "அண்ணா, எந்தச் செட்டுக்கு யார் யார் நம்பருக்குப் போன் போகுதுன்னு ஒரு பட்டியல் குடுங்க" என்றாள். அக்மல் பின்னறைக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தார். நாலாம் செட்டின் பக்கத்தை அவர் மூன்று வருடமாகத் திறந்ததில்லை. திறக்கப் பயம், வேறொன்றுமில்லை.

முதல் எண்ணுக்கு நேரே சின்னுசாமி என்று இருந்தது.

சம்பளப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கிருந்து எடுக்க வேண்டியது அக்மல், அவர் எடுக்கவில்லை. எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று சர்வர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழு மணிக்குத் தானாக ஒரு சோதனை அழைப்பு விடும். முதல் எண்ணில் எடுத்துவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகாது. பதிவைத் திறந்தார். திங்கள், ஏழு மணி, சின்னுசாமி, ஒன்று அழுத்தப்பட்டது. அடுத்த திங்கள், ஏழு மணி, சின்னுசாமி, ஒன்று அழுத்தப்பட்டது. கிட்டத்தட்ட நூற்றைம்பது வாரம் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு வாரம்கூட விடவில்லை. எல்லாமே முதல் மணியோசையில், மிஞ்சினால் இரண்டாவதில்.

நடுவில் ஒன்று மட்டும் திங்கட்கிழமை இல்லை. போன சித்திரையில் ஒரு வியாழன், மத்தியானம், நிஜ எச்சரிக்கை. அதையும் அவர்தான் எடுத்திருந்தார். அக்மலுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இப்போதைய சூப்பர்வைசர் ஆனந்தகுமார் அன்று வியந்து வியந்து சொன்னான்: "யாரோ ஒருத்தரு செட்டுப் போனுக்குக் கூப்புட்டு, நாலாம் செட்டுல ஃபேனு நின்னுருச்சு, ஓடுங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டாருங்க சார். பேரு கேக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாரு." யாரென்று யாருக்கும் தெரியவில்லை. மாரியாத்தாளே கூப்பிட்டிருப்பாள் என்றுகூட அங்கே பேச்சு இருந்தது.

செத்தவர்கள் நடமாடுவதாகச் சொல்லும் கதைகளை அக்மல் சிறுவயதில் நிறையக் கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் இப்படித் தன் பின்னறைக்கு வாராவாரம் வந்து போவார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த நாள் திங்கள். ஆறரைக்கே போய் அறையைத் திறந்து, ரேடியோவைப் போடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு ஒரு புது வரி எழுந்தது. அழைப்பு போகிறது. ஒருமுறை மணி அடித்தது. ஒன்று அழுத்தப்பட்டது. அவ்வளவுதான். ஊரின் ஏதோ ஒரு மூலையில் அந்த மனிதர் போனைக் கீழே வைத்திருப்பார். அக்மல் படிவத்தை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'ஒரு முறை, இருபத்தோரு மணி நேரம், நான் அணைத்தேன்' என்று எழுதினார். மூன்று பத்தி சிபாரிசையும் குறுக்கே அடித்தார்.

பத்து மணிக்கு அப்பாவும் மகளும் இளஞ்செழியனும் இருந்தபோது நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பழனியம்மாள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. மூடியை மூடியது தன் கை, அதில் இன்னொருவரை இழுக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு சிபாரிசைச் சொன்னார். எச்சரிக்கை அமைப்பு பப்ளிக் கிளவுடுக்குப் போகட்டும், அங்கே போய் யாரும் பூ வைத்து அணைக்க முடியாது. கேபிள் அறுந்தால் சிம் கார்டு வழியாகத் தகவல் போகும்படி செய்துகொள்ளலாம். தீவனக் கலவையும் கணக்கும் பிரைவேட் கிளவுடில் இருக்கட்டும். விசிறியை ஓட்டும் கருவி மட்டும் செட்டிலேயே இருக்க வேண்டும், அது எந்தக் கிளவுடையும் நம்பி இருக்கக் கூடாது.

இளஞ்செழியன் குறித்துக்கொண்டார். தேவிப்ரியா அப்பாவைப் பார்த்தாள். அர்த்தநாரியின் முகம் கறுத்திருந்தது.

"சின்னுசாமிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குங்க மொதல்ல சொல்றீங்க? அவனத் தொரத்துனவன் நான். எம்மூஞ்சிய நான் எங்க கொண்டு வெக்கறதுன்னு பாத்துக்கறேன். நீங்க மொதல்ல போங்க பாய். போங்க!"

சின்னுசாமி வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் இருப்பதாக ஆனந்தகுமார் விசாரித்துச் சொன்னான். அக்மல் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. களம் முழுக்க மாவு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. தலைத்துண்டோடு அதைக் கட்டையால் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இளைத்துப் போயிருந்தார். கழுத்திலிருந்து ஒரு துணிப்பையில் செல்போன் தொங்கியது.

"வாங்க பாய்" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. "காத்தால டெஸ்டு போனு எடுத்துட்டனுங்களே. ஏதாச்சும் கோளாறுங்களா?"

"கோளாறு எங்கிட்டதாங்க" என்றார் அக்மல். "அன்னைக்கு உங்களுக்குப் போனே வரலீங்க சின்னுசாமி. நான் லேப்டாப்ப மூடி வெச்சுட்டேன். எச்சரிக்கை போகல. அது தெரிஞ்சும், போயிருக்கும்னு பொய் சொன்னேன்."

சின்னுசாமி கட்டையை ஊன்றிக்கொண்டார்.

"அடிக்கவே இல்லீங்களா?"

"இல்ல."

"ஒருக்காக்கூட?"

"ஒருக்காக்கூட இல்லீங்க."

சின்னுசாமி திரும்பி, களத்தின் அந்தப் பக்கம் மாவு அள்ளிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார். "சென்னம்மா, இங்க வா. பாய் சொல்றதக் கேளு." அக்மல் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. முதல் முறையைவிட அது கடினமாக இருந்தது. அந்த அம்மாள் மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டாள்.

"அப்ப இந்தத் திங்கக்கெழம திங்கக்கெழம அடிக்கறது எதுக்குங்க?"

"அது சோதனைக்குங்க. மெஷினு தானா அடிக்கறது. உங்க ஊட்டுக்காரரு நம்பர நான் எடுக்காம உட்டுட்டேன்."

"நாம இன்னும் பட்டியல்ல இருக்கறோம், மொதலாளி மறுபடி கூப்புடுவாருன்னு இவரு சொல்லிட்டே இருந்தாருங்களே."

அக்மல் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் மவளுக்குப் போன தை மாசம் கல்யாணமுங்க" என்றாள் அவள். அவள் குரல் ஏறவில்லை. "திங்கக்கெழம, ஆறரைக்கு மேல ஏழரைக்குள்ள முகூர்த்தம். மேளம் கொட்டுனா போனு கேக்காதுன்னு, இவரு மண்டபத்துக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தாண்ட போயி நின்னுட்டாருங்க. எல்லாரும் பொண்ணோட அப்பன் எங்கன்னு தேடறாங்க. நல்ல நேரம் போகுதுன்னு ஐயரு சத்தம் போடறாரு. எம் பொறந்தவன்தான் பக்கத்துல நின்னான். இவரு வந்தப்பத் தாலி கட்டி முடிஞ்சு, புள்ள அழுதுட்டு ஒக்காந்திருந்துச்சு."

"உடு சென்னம்மா" என்றார் சின்னுசாமி.

அக்மலுக்குப் பதிவின் அந்த வரி கண்ணில் நின்றது. தை மாதம், திங்கள், ஏழு மணி. அதையும் அவர் நேற்றுப் படித்திருந்தார், மற்ற வரிகளோடு வரியாக. "என்ன மன்னிச்சிருங்க" என்றார்.

சின்னுசாமி கட்டையால் மாவை மறுபடி கிளறினார். திட்டுவார் என்று அக்மல் காத்திருந்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"பாய், மூனு வருசத்த உடுங்க" என்றார் சின்னுசாமி. "போன மார்கழிக்குள்ள வந்து சொல்லியிருந்தீங்கன்னா, நான் மண்டபத்துக்குள்ள நின்னிருப்பனுங்க."